இல்லை என்று போட்டது யார்

கவிதையும் விமர்சனமும் வெளியாகிற இந்தப் பக்கங்களில் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் பற்றி எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிழைப்புக்குச் செய்கிற காரியத்தை எழுத்துக்குள் கொண்டுவருவதில்லை என்று ரொம்ப நாள் ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு வாக்கியம் எந்தக் கவிதையிலிருந்தும் வந்ததல்ல. ஒரு கம்பைலரிடமிருந்து வந்தது. 'இந்த வேரியபிள், மதிப்பு எதுவும் இடப்படாமலே பயன்படுத்தப்படக்கூடும்.' அவ்வளவுதான் வாக்கியம். எந்த வரியில், எந்தப் பெயருடைய வேரியபிள் என்பதும் கூடவே இருக்கும். அதில் கோபம் இல்லை, உபதேசம் இல்லை. நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இந்த நிதானம் வாய்த்திருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு.

அந்த வாக்கியத்தின் வாயை ஒருமுறை நான் அடைத்தேன். அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கும். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

வேரியபிள் என்பது பெயர் சூட்டப்பட்ட ஓர் இடம். பாடப்புத்தகம் 'மாறி' என்கிறது. ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சி மொழியில் ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு வேரியபிளை அறிவித்தால் அதற்கு நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. ஒதுக்குவதோடு சரி, பெருக்கித் துடைத்துத் தருவதில்லை. சற்றுமுன் வேறொரு ஃபங்ஷன் அதே இடத்தில் தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். அது விட்டுப்போனது அங்கேயே கிடக்கும். 1970-களின் தொடக்கத்தில், பெல் லாப்ஸில், இன்றைக்குப் பார்த்தால் மிகச் சிறிய யந்திரங்களுக்காக உருவான மொழி அது. ஒவ்வொரு தடவையும் துடைத்துக்கொண்டிருக்க ஆகும் நேரமும் நேரம்தான் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் இருப்பதை மொழியின் வரையறை 'நிர்ணயிக்கப்படாத மதிப்பு' என்று குறிப்பிடுகிறது. காலி என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் முக்கியமானது. மதிப்பிடப்படாத இடம் காலியான இடம் அல்ல. முன்பு குடியிருந்தவரின் சாமான் கிடக்கிற இடம்.

காலி என்று சொல்வதற்குத் தனியாக ஒரு குறி இருக்கிறது. அதற்கு 'நல்' என்று பெயர். தமிழில் எழுதினால் நன்மைக்கு அடைமொழி போல ஆகிவிடுகிறது, அதற்கு நான் பொறுப்பல்ல. பாயின்ட்டர் என்பது வேறோர் இடத்தைச் சுட்டும் வேரியபிள். அது எதையும் சுட்டவில்லை என்று பிரக்ஞைபூர்வமாகத் தெரிவிப்பதுதான் நல். டோனி ஹோர் 1965-ல் ஆல்கால் டபிள்யூ என்ற மொழிக்காக இந்த ஏற்பாட்டைச் செய்தார். செய்வது அத்தனை சுலபமாக இருந்ததால் சபலத்தைத் தவிர்க்க முடியவில்லை என்று 2009-ல் லண்டனில் ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டு, அதைத் தன்னுடைய பில்லியன் டாலர் தவறு என்றார். சுலபமாக இருந்தது என்பதற்காக ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, நாற்பத்துநான்கு வருஷம் கழித்து அதைச் சபையில் சொல்லிக்கொள்கிறவர்கள் இலக்கியத்தில் குறைவு.

நல் என்ற குறி வந்தபிறகு ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல பழக்கமும் வந்தது. பாயின்ட்டரைத் தொடுவதற்கு முன், அது நல்தானா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது. நல் என்றால் ஒதுங்கிக்கொள்ளலாம். வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போவது மாதிரி. நானும் சிரத்தையாகக் கேட்டு வந்தவன்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் யாராவது அந்த இடத்தில் ஏதாவது வைத்திருக்க வேண்டும் - ஒரு முகவரியையோ அல்லது நல் என்ற குறியையோ. யாரும் எதுவும் வைக்காத பாயின்ட்டரிடம் போய், நீ நல்தானா என்று கேட்டால், பதில் சொல்வது முன்பு குடியிருந்தவரின் சாமான். அது பெரும்பாலும் பூஜ்யமாக இருப்பதில்லை. ஆகவே 'நல் அல்ல' என்று பதில் வருகிறது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பிப் போகிறோம். எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு செய்த காரியமே நம்மை உள்ளே தள்ளிவிடுகிறது. வெறுமையைச் சோதிப்பதும் ஒரு பயன்பாடுதான் என்பதைத்தான் கம்பைலரின் எச்சரிக்கை சொல்கிறது.

பின்னால் வந்த ஜாவாவும் சி ஷார்ப்பும் இதில் கறாரானவை. உள்ளூர் வேரியபிளுக்கு எல்லா வழியிலும் மதிப்பு இடப்பட்டாக வேண்டும். இல்லாவிட்டால், அது நல்லா என்று கேட்பதைக்கூட அனுமதிப்பதில்லை. எச்சரிக்கை அல்ல, நிராகரிப்பு. முதலில் பார்த்தபோது இது அதிகப்பிரசங்கித்தனமாக எனக்குப் பட்டது. கேட்டுத்தானே தெரிந்துகொள்ளப் போகிறேன், கேட்கவே கூடாதென்றால்? பிறகு புரிந்தது: சொல்லப்படாத விஷயத்தைப் பற்றி அந்த விஷயத்திடமே விசாரிக்க முடியாது.

நம் தர்க்க சாஸ்திரத்தில் நான்கு வகை அபாவம் உண்டு. செய்யப்படுமுன் பானை இல்லாதது பிராகபாவம். உடைந்தபின் இல்லாதது பிரத்வம்சாபாவம். காற்றில் நிறம் என்றும் இல்லாதது அத்யந்தாபாவம். பானை துணி அல்ல என்பது அன்யோன்யாபாவம். நாலிலும் எதன் இல்லாமை என்பது தெரிந்திருக்கிறது. அது இல்லாமல் அபாவத்தைப் பேசவே முடியாது. நல் இந்த நாலில் ஏதோ ஒன்றில் வந்து உட்கார்ந்துவிடும். மதிப்பிடப்படாத வேரியபிள் எதிலும் உட்காராது. அங்கே இல்லாமை இல்லை, கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை என்பதுதான் இருக்கிறது.

*

'பயன்படுத்தப்படக்கூடும்' என்றேன். அந்தக் 'கூடும்' கம்பைலரின் கோழைத்தனம் அல்ல. ஒரு ப்ரோக்ராம் எந்தெந்த வழியாக ஓடும் என்பதை அதன் எழுத்தை மட்டும் பார்த்து எப்போதும் நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது. 1936-ல் ட்யூரிங் இதன் அடிப்படையை நிறுவினார். ப்ரோக்ராமின் நடத்தை பற்றிய எந்த முக்கியமான கேள்விக்கும் இது பொருந்தும் என்று ரைஸ் 1953-ல் விரிவுபடுத்தினார். ஆகவே கம்பைலர் வழிகளை வரைந்து பார்க்கிறது. இந்த வழியில் மதிப்பு இடப்பட்டிருக்கிறது, அந்த வழியில் இல்லை, இரண்டும் இந்த இடத்தில் சேருகின்றன. நீ எந்த வழியாக வந்தாய் என்பது எனக்குத் தெரியாது - இவ்வளவுதான் அது சொல்வது. அந்த இன்னொரு வழியாக ஒருநாளும் யாரும் வரப்போவதில்லை என்பது எழுதியவனுக்குத் தெரிந்திருக்கலாம். பல தடவை தெரிந்துதான் இருக்கும். எச்சரிக்கைகளில் நிறைய வீண் என்பது உண்மை.

வீண் எச்சரிக்கை என்ன செய்யும் என்றால் காதை மழுங்கடிக்கும். லினக்ஸ் கெர்னலில் 2007-லிருந்து ஒரு தந்திரம் கையாளப்பட்டது. வேரியபிளுக்கு அதையே மதிப்பாக இட்டுவிடுவது - எக்ஸ் என்பது எக்ஸுக்குச் சமம். கம்பைலர் சமாதானமாகிவிடும். தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொண்ட மாதிரி. உண்மையான பிழைகளையும் சேர்த்து மறைக்கிறது என்று 2020-ல் அதை வேரோடு எடுத்தார்கள். அதே வருஷம் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் 'கூடும்' எச்சரிக்கையையும் வழக்கமான கெர்னல் கட்டுமானத்திலிருந்து அணைத்துவைத்தார். பொய்ச் சாட்சியும் போயிற்று, விசாரணையும் போயிற்று. இருவருக்கும் நியாயம் இருந்தது.

இதைவிடப் பெரிய விபரீதம் டெபியன் லினக்ஸில் நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது ரகசியச் சாவிகளைத் தயாரிக்கும் மென்பொருள். சாவி யூகிக்க முடியாததாக இருக்க வேண்டும். ஆகவே கிடைக்கிற ஒழுங்கின்மையையெல்லாம் ஒரு குட்டையில் கலக்கிக்கொண்டே இருக்கும். மதிப்பிடப்படாத நினைவகம் பயன்படுகிறது என்று வால்கிரைண்ட் போன்ற சோதனைக் கருவிகள் அதைப்பற்றிப் புகார் செய்தன. 2006-ல், புகார் வந்த இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அதில் ஒரு வரிதான் உண்மையான ஒழுங்கின்மையைக் குட்டைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. புகார் நின்றது. மிஞ்சியது ஓடும் ப்ரோக்ராமின் வரிசை எண் மட்டும் - அதிகபட்சம் 32,768. உலகம் முழுவதும் தயாரான சாவிகள் அந்தச் சின்ன எண்ணிக்கைக்குள் வந்துவிட்டன. 2008 மே மாதம் வரை யாருக்கும் தெரியாது. அதை நீக்கியவர் அலட்சியமானவரும் அல்ல. நீக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நீக்கினார். எச்சரிக்கை அடங்கிவிட்டதையும் கோளாறு தீர்ந்துவிட்டதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது அத்தனை இயல்பாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் லினக்ஸ் 2.6.30-ல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வரியில் பாயின்ட்டரைத் தொட்டாகிவிட்டது. அதற்கு அடுத்து, அது நல்தானா என்ற கேள்வி. கம்பைலர் யோசித்தது: தொட்டுவிட்டான் என்றால் நல்லாக இருக்க முடியாது, ஆகவே கேள்வி அநாவசியம். கேள்வியை எடுத்துவிட்டது. நம்பிக் காரியம் நடந்துவிட்ட பிறகு வருகிற விசாரணைக்கு மதிப்பு இல்லை என்பது யந்திரத்துக்கும் தெரிந்திருக்கிறது. நண்பனின் தொகுப்புக்கு முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மதிப்புரை எழுத உட்கார்ந்தவர்களுக்கு இது விளங்கும்.

*

இனி என் விஷயம். 2003-ல் ஒரு ஆஸ்பத்திரிக்காக நாங்கள் எழுதிக்கொடுத்த ப்ரோக்ராமில் ஒரு பகுதி என்னுடையது. வார்டில் படுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் அச்சாக வேண்டும்: பெயர், வயது, ரத்த வகை, ஒவ்வாமை. ஒவ்வாமை விவரத்துக்கு ஒரு பாயின்ட்டர். வெளிநோயாளியாக இருந்து சேர்ந்தவர் என்றால் ஒரு கோப்பிலிருந்து அதற்கு மதிப்பு வரும். ஏற்கனவே படுத்திருந்தவர் என்றால் இன்னொன்றிலிருந்து. கீழே என் வழக்கமான கேள்வி: நல் என்றால் 'ஒவ்வாமை: இல்லை' என்று அச்சிடு.

அந்த நாட்களில் ஜிசிசி கம்பைலர், வேகத்துக்காகச் செப்பனிடச் சொன்னால்தான் இந்த எச்சரிக்கையைத் தரும். வழிகளை வரைந்து பார்க்கும் வேலையை அப்போதுதான் அது செய்தது. (2009-க்குப் பிறகு இந்த நிபந்தனை தளர்ந்தது.) ஆகவே மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, ஒப்படைப்பதற்கு முதல் நாள் ராத்திரி, கடைசிக் கட்டுமானத்தின்போது அது பேசியது. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. ராத்திரியில் அவசரமாகக் கொண்டுவரப்பட்டு நேரே வார்டுக்குப் போகிறவர்கள். அந்த வழியில் யாரும் ஒவ்வாமையைக் கேட்டு எழுதவில்லை. எழுதச் சொல்ல நான் மறந்திருந்தேன்.

எச்சரிக்கையைப் படித்தேன். தூக்கம் கண்ணைச் சுற்றியது. வேரியபிளை அறிவித்த வரிக்குப் போய், அதன் பக்கத்தில் சமக்குறி போட்டு நல் என்று எழுதினேன். எச்சரிக்கை மறைந்தது. ஜாக்கிரதையானவன் செய்கிற காரியத்தைச் செய்துவிட்டதாகவே எனக்குத் திருப்தி. எந்தப் பாடப்புத்தகமும் அப்படித்தானே சொல்கிறது, அறிவிக்கும்போதே ஏதாவது ஒரு மதிப்பை இட்டுவிடு என்று.

நான் அதைச் செய்யாமல் இருந்திருந்தால், ப்ரோக்ராம் பெரும்பாலும் முதல் ராத்திரியே முறிந்து விழுந்திருக்கும். எங்களுக்கு அவமானம், மறுநாள் சரிசெய்திருப்போம். நான் நல் என்று எழுதியதால் அது விழவில்லை. அழகாக ஓடியது. அவசரமாக வந்த ஒவ்வொருவருக்கும் 'ஒவ்வாமை: இல்லை' என்று சுத்தமாக அச்சிட்டது.

ஐந்தாம் நாள் ஒரு நர்ஸ் கூப்பிட்டார். வயதான ஒரு அம்மாள், சல்ஃபா மாத்திரை தனக்கு ஆகாது என்று வாயால் சொல்லியிருக்கிறாள். மாத்திரையை அப்போது கையில் கொடுத்தாகிவிட்டது, வாயில் போடவில்லை. தாளில் 'இல்லை' என்று இருக்கிறது. போனில் அந்த நர்ஸின் குரலில் கோபம் இல்லை. விஷயம் தெரிந்துகொள்கிற குரல்.

"சார், இதுல இல்லைன்னு போட்டது யாரு?"

கம்ப்யூட்டர் தானாகப் போடுகிறது என்றேன்.

"தானா எப்படிப் போடும் சார்? அவங்களக் கேட்டீங்களா, கேக்கலையா?"

"விவரம் வரலை சிஸ்டர். வரலைன்னா இல்லைன்னு..."

"கேக்கலைன்னா கேக்கலைன்னு போடுங்க சார். இல்லைன்னு போட எங்களுக்கே உரிமை கிடையாது. அது பேஷண்ட் சொல்லணும்."

அன்றைக்குள் திருத்தினேன். மூன்றாவது வழியில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். பதில் வராதபோது 'ஒவ்வாமை: கேட்கப்படவில்லை' என்று அச்சாகும்படி செய்தேன். அறிவித்த இடத்திலிருந்த நல்லை எடுத்தேன். அதற்குள் அப்படி அச்சான தாள்கள் பதினொன்று. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

பிற்பாடு கம்பைலர்களிலேயே ஒரு வசதி வந்தது, க்ளாங்கில் 2019-வாக்கில், ஜிசிசியில் 2022-ல். மதிப்பிடப்படாத வேரியபிள்களை அதுவே நிரப்பிவிடும். பூஜ்யத்தால் நிரப்பலாம், அல்லது வேண்டுமென்றே விகாரமான ஒரு பிட் வடிவத்தால் நிரப்பலாம், தொட்டால் உடனே இடறி விழுவதற்காக. பூஜ்யம் பத்திரமானது என்பார்கள், ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்துக்கு அது உண்மையும்கூட. ஆனால் சோதித்துப் பார்க்கிற காலத்தில் எனக்கு அந்த விகாரமான வடிவத்தைத்தான் பிடிக்கிறது. இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதை அது மறைப்பதில்லை.

*

இதை இந்தப் பத்திரிகையில் ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

நாம் எழுதுகிற கவிதைகளில் இரண்டு கோளாறும் இருக்கிறது. ஒன்று, மிச்சசொச்சம். பேனாவை எடுக்கும்போது மனசு வெற்றிடமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அங்கே சற்றுமுன் வாசித்தவரின் தொனி கிடக்கிறது. ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறோம், இருக்கிறது என்று பதில் வருகிறது, எழுதிவிடுகிறோம். இதை விமர்சனம் ஓரளவு கண்டுபிடித்துவிடுகிறது. பாதிப்பு என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறது.

இரண்டாவது கோளாறைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சூன்யம், வெறுமை, மௌனம், ஒன்றுமில்லை - இந்தச் சொற்களை நாம் எங்கிருந்து எடுக்கிறோம்? அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு எழுதப்பட்ட வெறுமை உண்டு. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் போகவே போகாமல், போகவில்லை என்ற உறுத்தலை அடக்குவதற்காக முதல் வரியிலேயே இட்டுக்கொண்ட வெறுமையும் உண்டு. அச்சில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கவிதை முறிந்து விழாமல் கடைசி வரி வரை அழகாக ஓடிவிடும். அதுதான் ஆபத்து. தமிழ் நமக்கு 'இல்லை' என்றும் 'அல்ல' என்றும் இரண்டு மறுப்பைப் பிரித்துத் தந்திருக்கிறது. 'கேட்கவில்லை' என்பதற்கும் அதே 'இல்லை'யைத்தான் கடன் வாங்குகிறோம். அதனாலேயே இந்த இடத்தில் தவறிவிடுவது சுலபமாக இருக்கிறது.

மற்றவர்களைச் சொல்லவில்லை. என் அப்பா இறந்த வருஷம் நான் ஒரு கவிதை எழுதினேன். கடைசிப் பகுதியில் அவருக்கும் எனக்கும் இடையே சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று வரும். அதன் மௌனத்தை நண்பர்கள் பாராட்டினார்கள். ஒருவர் கடிதத்தில் விரிவாகவே எழுதியிருந்தார். நானும் நம்பினேன். அந்த நர்ஸ் போனை வைத்த பிறகு, ஆபீஸில் உட்கார்ந்து தாள்களை எண்ணிக்கொண்டிருந்தபோது அந்த வரிகள் ஞாபகத்துக்கு வந்தன. கடைசி மூன்று மாதம் அப்பா படுக்கையில் இருந்தார். வாரம் ஒருமுறை போனேன். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். வேறு எதையும் அவரிடம் கேட்கவில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று போட்டது நான்தான், அவர் சொல்லவில்லை.

தொகுப்பு போட்டபோது அந்தக் கவிதையைச் சேர்க்கவில்லை. ஏன் விட்டுவிட்டாய் என்று இரண்டு பேர் கேட்டார்கள். சரியாக வரவில்லை என்று சொல்லிவைத்தேன். கேட்கவில்லை என்பதை மட்டும் எழுத வேண்டும் என்று அதற்குப் பிறகு பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரியில் 'ஒன்றுமில்லை' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.